சிலேசியக் கழுகு: முதலில் தாளைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்தில் குடும்பத்துடன் வசிக்கிறேன். பழைய நாணயம் சேர்க்கும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. போன மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கறுப்புக் கழுகுப் பதக்கத்தை 60 யூரோ கொடுத்து வாங்கினேன். ‘ஃப்யூர் ஷ்லேஸியன்’, அதாவது ‘சிலேசியாவுக்காக’ என்று அதில் பொறித்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு வந்த ‘ஃப்ரைகோர்’ என்ற தன்னார்வப் படையின் பதக்கம் என்று கடைக்காரர் சொன்னார். எர்ஹார்ட் படையின் கப்பல் சின்னம் ஒன்றும் பால்டிக் சிலுவை ஒன்றும் தன்னிடம் இருப்பதாகவும், இரண்டையும் சேர்த்து 450 யூரோவுக்குத் தருவதாகவும் சொல்கிறார். என் கழுகு அசலா? மற்ற இரண்டையும் வாங்கலாமா? கறுத்துப்போய் இருப்பதைத் துலக்கலாமா? என் மனைவி, “இது நாஜிக்காரன் சாமான், வீட்டுக்குள் வேண்டாம்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வணக்கம். படங்களைத் தெளிவாக எடுத்து அனுப்பியதற்கு நன்றி. குறிப்பாகப் பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது ரொம்ப உதவியாக இருந்தது. பதக்கம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தின் அழகைப் பார்த்தே பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

உங்கள் கழுகு அந்தக் காலத்ததுதான் என்று நினைக்கிறேன். கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் நல்ல அறிகுறிகளே. கழுகின் மார்பில், அன்று ஜெர்மனியின் கிழக்கு எல்லை மாகாணமாக இருந்த சிலேசியாவின் பிறைச் சின்னம் கூர்மையாக இருக்கிறது. பிறையின் இரண்டு நுனியும் மழுங்கவில்லை. உலோகத் தகட்டை அச்சில் வைத்து அடித்தால்தான் இந்தக் கூர்மை வரும். சிறகின் ஓரத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் பித்தளை பழுப்பாக எட்டிப் பார்க்கிறது. சட்டையில் உரசும் இடங்களில்தான் தேய்மானம் இருக்கிறது, பள்ளங்களில் கறுப்பு அப்படியே இருக்கிறது. செயற்கையாகப் பழசாக்குகிறவர்கள் இங்கேதான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். தேயவே வாய்ப்பில்லாத பள்ளத்தையும் தேய்த்து வைத்திருப்பார்கள். ஊசியின் கீல் ஈயப் பற்றால் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பற்றின் விளிம்பிலும் கீலின் அடியிலும் படிந்திருக்கும் அழுக்கு கறுத்து இறுகிப் போயிருக்கிறது. நேற்று ஒட்டிய கீலில் அந்த அழுக்கு இருக்காது.

பின்னால் ஊசி இருக்கிறது, நாடா கோக்கும் வளையம் இல்லை. ஆகவே இது முதல் வகுப்பு. இந்தப் பதக்கத்தை 1919 ஜூன் 16 அன்று ஏற்படுத்தியவர், சிலேசியத் தலைநகர் பிரெஸ்லாவில் இருந்த ஆறாம் படைப்பிரிவின் தளபதி ஃப்ரீட்ரிஷ் ஃபோன் ஃப்ரீடபுர்க். எல்லைக் காவலில் மூன்று மாதம் நின்றவருக்கு நாடாவில் தொங்கும் இரண்டாம் வகுப்பு, ஆறு மாதம் நின்றவருக்கு மார்பில் குத்தும் முதல் வகுப்பு. ஃப்ரைகோர் பதக்கங்களிலேயே அதிகம் புழங்குவது இதுதான். அதனால் 60 யூரோ நஷ்டமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. நியாயமான விலை.

இனி நான் உண்மையிலேயே சொல்ல விரும்புவது. இந்தத் துறையில் தொடர்ந்து சேர்க்கப் போகிறீர்கள் என்றால், உலோகத்துக்கு முன்னால் காகிதத்தைத் தேடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சாதாரணமாக ஒரு ராணுவப் பதக்கம் அரசாங்கத்தின் பொருள். அரசாணை இருக்கும், அளவு இருக்கும், செய்துகொடுத்த நிறுவனத்தின் பட்டியல் இருக்கும். அதை வைத்து அசலையும் போலியையும் பிரித்துவிடலாம். ஃப்ரைகோர் பதக்கங்களுக்கு இந்த வசதி கிடையாது. 1918 நவம்பர் 9 அன்று மன்னராட்சி கவிழ்ந்தது. இரண்டு நாள் கழித்துப் போர்நிறுத்தம். பழைய ராணுவம் வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. தலைநகரில் கிளர்ச்சி, கிழக்கே போலந்துடன் எல்லைத் தகராறு. அந்த நேரத்தில் பழைய அதிகாரிகள் ஆளாளுக்குச் சொந்தப் பெயரில் ஆள் சேர்த்தார்கள். அதற்கு அனுமதியும் பணமும் கொடுத்தவர், சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பாதுகாப்பு அமைச்சர் குஸ்டாவ் நோஸ்கே. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படைகள் முளைத்தன. மொத்த ஆள் கணக்கை வரலாற்றாசிரியர்கள் 2.5 லட்சம் முதல் 4 லட்சம் வரை சொல்கிறார்கள். வேலையில்லாத சிப்பாய்களும் அதில் இருந்தார்கள், போருக்குப் போக வயது போதாமல் ஏங்கிக் கிடந்த மாணவர்களும் இருந்தார்கள்.

அடுத்த ஆகஸ்டில் புதிய ஜெர்மன் குடியரசின் வைமர் அரசியல் சட்டம் வந்தது. அதன் 109ஆவது பிரிவு, அரசு விருதுகளும் பதக்கங்களும் வழங்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அரசு கொடுக்காவிட்டால் என்ன, நாங்களே கொடுத்துக்கொள்கிறோம் என்று படைத்தலைவர்கள் ஆளுக்கொரு சின்னத்தை வரைந்தார்கள்; உங்கள் கழுகைப் போலச் சில, சட்டம் வருவதற்கு முன்பே வந்துவிட்டன. பல படைகளில் வீரன் கைக்கு வந்தது ஒரு சான்றிதழ் மட்டும்தான். அதைக் கொண்டுபோய் நகைக்கடையிலோ ராணுவச் சாமான் கடையிலோ காட்டி, சொந்தக் காசில் பதக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வசதி உள்ளவன் வெள்ளியில் செய்யச் சொன்னான், இல்லாதவன் மெல்லிய பித்தளைத் தகட்டில் வாங்கினான். சிலர் ஊசிக்குப் பதில் திருகாணி வைத்துக்கொண்டார்கள். ஒரே சிலேசியக் கழுகு கனமாகவும் வருகிறது, உள்ளே குடைவாகவும் வருகிறது, சிறகு விரிந்தும் வருகிறது, ஒடுங்கியும் வருகிறது. அத்தனையும் அசலாக இருக்க முடியும்.

போலி செய்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? “இது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே” என்று நீங்கள் கேட்டால், “அபூர்வ ரகம், அதனால்தான் இந்த விலை” என்பான். ஏலத்துக்கு வரும் பதக்கங்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் தொழில். இந்த ‘அபூர்வ ரகம்’ என்ற சொல்லைக் கேட்டாலே நான் பொருளைக் கீழே வைத்துவிட்டு, சான்றிதழ் எங்கே என்று கேட்பேன்.

சான்றிதழையும் ஆராய வேண்டும்தான். ஆனால் தாளில் பொய் சொல்வது உலோகத்தில் பொய் சொல்வதைவிடக் கஷ்டம். பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும் புற ஊதாக்கதிர் விளக்கு ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் தாள்மேல் பிடித்துப் பாருங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1950 வாக்கில் தொடங்கிக் காகிதத்தில் சேர்க்கப்பட்டுவரும் வெளுப்பூட்டி. 1919இன் தாள் மங்கலாகவே இருக்கும். பதக்க நாடாவின் நூலுக்கும் இதே சோதனை செல்லும். கையெழுத்தைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். தொட்டெழுதும் பேனாவில் கீழ்நோக்கி இழுக்கும் கோடு தடிக்கும், மேலே போகும் கோடு மெலியும். ஒரே தடிமனில் ஓடினால் பால்பாயின்ட் பேனாவாக இருக்கலாம், அதுவோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பழைய தாள் என்று காட்டுவதற்காகத் தேநீரில் முக்கி எடுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தாள் முழுக்க ஒரே பழுப்பாகிவிடும். நிஜமாகப் பழுத்த தாள் ஓரத்திலும் மடிப்பின் வெளிப்பக்கத்திலும் அதிகம் பழுத்து, மடிப்புக்குள் வெளுத்திருக்கும்.

அதற்குப் பிறகு படித்துப் பாருங்கள். பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி, முத்திரை இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஆறு மாதம் நின்றவருக்குத்தான் முதல் வகுப்பு என்றால், படையில் சேர்ந்தே இரண்டு மாதமான ஆளின் பெயரில் முதல் வகுப்புச் சான்றிதழ் எப்படி வரும்? கையெழுத்து எல்லாம் பழைய குர்ரெண்ட் எழுத்தில் இருக்கும்; ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே படிக்க வராது. எழுத்து வடிவங்களைப் பழகிக்கொள்ள ஒரு மாதம் செலவழியுங்கள். சந்தையில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் பலருக்கு இல்லாத பலம் உங்களுக்கு வந்துவிடும்.

பெயர் கிடைத்ததும் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றும். இங்கே ஒரு பெரிய இழப்பைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமாக இருந்த, சிலேசியாவும் சேர்ந்த பிரஷ்யாவின் ராணுவ ஆள்விவரக் கோப்புகள் போட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு விழுந்த குண்டுகளில் அவை பெரும்பாலும் எரிந்து போயின. பவாரியப் படைகளின் கோப்புகள் முனிச்சில் தனியாக இருந்ததால் தப்பின. ஆகவே முனிச் பக்கத்து ஆள் என்றால் தேடிப் பிடிக்க வழி உண்டு. உங்கள் கழுகை அணிந்தவர் சிலேசிய எல்லையில் நின்றவர், பெரும்பாலும் பிரஷ்யப் படையின் கணக்கில் வந்திருப்பார். அவருடைய கோப்பு சாம்பலாகியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு குடும்பத்தின் இழுப்பறையில் கிடக்கும் சான்றிதழோ ராணுவக் கையேடோதான் அப்படிப்பட்ட மனிதருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியம். அதைப் பதக்கத்திலிருந்து பிரித்துத் தனித்தனியாக விற்கும் வியாபாரிகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வரும். பதக்கத்துக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை என்று இரண்டு மடங்கு சம்பாதித்துவிட்டு, ஒரு மனிதரின் தடயத்தை நிரந்தரமாக அழித்துவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரரிடம் மறுபடி போய், கழுகோடு ஏதாவது தாள் வந்ததா, எந்த ஊர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இப்போது அந்த 450 யூரோ. எர்ஹார்ட் கப்பலை வாங்காதீர்கள்.

கடற்படை அதிகாரி ஹெர்மான் எர்ஹார்ட் நடத்திய படையின் சின்னம் அது. நீள்வட்டம், ஓரத்தில் முறுக்குக் கயிறு, நடுவில் பாய் விரித்த வைக்கிங் கப்பல். 1920 மார்ச் 13 அன்று பெர்லினுக்குள் புகுந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தை ஊரைவிட்டே ஓடவைத்த படை இது. காப் கலகம் என்று வரலாற்றில் பெயர். தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தத்தில் நாலைந்து நாளில் கலகம் படுத்துவிட்டது. இந்தப் பெயருக்காகவே சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள், அதனாலேயே போலிகளும் குவிந்து கிடக்கின்றன. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றின் புரிகள் ஒன்றோடொன்று குழைந்திருக்கின்றன. பாயின் மேல் ஊசி குத்தினாற்போலச் சின்னக் குழிகள். விளிம்பில் அரம் போட்ட கோடுகள் குறுக்காக ஓடுகின்றன. அசல் ஒன்றை வைத்து வார்ப்பு எடுத்தால் இந்த மூன்றும் வரும். உருக்கிய உலோகத்தில் காற்றுக் குமிழி தங்கிக் குழி விழும், ஒட்டு விளிம்பை அராவித்தான் தீர்க்க வேண்டும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்பு நகல் அசலைவிட ஒரு துளி சிறிதாகவும் இருக்கும். சீட்டும் சான்றிதழும் இல்லாமல், இந்தப் படத்தை மட்டும் பார்த்து நான் பத்து யூரோகூடக் கொடுக்க மாட்டேன்.

பால்டிக் சிலுவை வேறு விஷயம். படத்தில் அது மோசமாகத் தெரியவில்லை. 1919இல் பால்டிக் ஜெர்மானியர்களின், அதாவது பால்டிக் கடலோர நாடுகளில் வாழ்ந்த ஜெர்மானியர்களின், தேசியக் குழு கொடுத்தது. லாட்வியாவில் போல்ஷ்விக்குகளை எதிர்த்துப் போரிட்டால் குடியுரிமை தருவதாக அங்கிருந்த தற்காலிக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. கூடவே நிலமும் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி ஜெர்மனியிலிருந்து ஆயிரக்கணக்கான தன்னார்வப் படையினர் போனார்கள். மே 22 அன்று ரிகாவைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு நகரத்துக்குள் விசாரணையில்லாமல் ஏராளமானவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே எஸ்தோனியப் படையும் லாட்வியப் படையும் சேர்ந்து சேசிஸ் என்ற ஊரில் அவர்களைத் தோற்கடித்தன. எஸ்தோனியாவில் இன்றும் ஜூன் 23 வெற்றி நாள், விடுமுறை. ஒரு பக்கம் பெருமைக்குரிய சிலுவை, இன்னொரு பக்கத்துக்கு அதைத் தோற்கடித்த நாள்தான் திருவிழா. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். தேதிக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் கழுகு நாஜிப் பதக்கம் இல்லை. 1919இல் ஹிட்லர் பெயர் தெரியாத சிப்பாய். ஆனால் “அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அது பொய்யாகிவிடும். கம்யூனிஸ்ட் தலைவர்கள் ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்க்னெஷ்ட்டையும் 1919 ஜனவரி 15 அன்று கொன்றது இந்த வகைப் படையின் ஆட்கள்தான். எர்ஹார்டின் ஆட்கள் காப் கலகத்தின்போதே ஸ்வஸ்திகாவைத் தலைக்கவசத்தில் வரைந்திருந்தார்கள்; படை கலைந்த பிறகு ரகசிய அமைப்பாகி, 1921இல் முன்னாள் நிதியமைச்சர் எர்ட்ஸ்பெர்கரையும் 1922இல் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவையும் சுட்டுக் கொன்றார்கள். பின்னாளில் அவுஷ்விட்ஸ் முகாமின் தளபதியான ருடால்ஃப் ஹோஸ், ராஸ்பாக் என்ற ஃப்ரைகோரில் இருந்தவர். 1933 நவம்பர் 9 அன்று முனிச்சில் ஃப்ரைகோர் கொடிகளை நாஜிக் கட்சியின் கையில் சடங்காக ஒப்படைத்தார்கள். நாஜி அரசு பின்னர் மற்றத் தன்னார்வப் படைப் பதக்கங்களை ஒதுக்கிவிட்டு, சிலேசியக் கழுகையும் பால்டிக் சிலுவையையும் மட்டும் அணிய அனுமதித்தது. உங்கள் கழுகு 1930களில் நாஜிக் கட்சிப் படையினரின் பழுப்புச் சட்டை ஒன்றின் மேல் இருந்திருக்கவும் கூடும்.

இது உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையும்கூட. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அதே ஹாம் நகரத்தில் பெல்க்கும் என்று ஒரு பகுதி இருக்கிறது. காப் கலகத்தை எதிர்த்து எழுந்த ரூர் சுரங்கத் தொழிலாளர்களை அடக்க அரசு அனுப்பிய படைகளில் எப் என்பவரின் ஃப்ரைகோரும் ஒன்று. 1920 ஏப்ரல் தொடக்கத்தில் அது பெல்க்குமில் பிடிபட்டவர்களையும் காயப்பட்டவர்களையும் கொன்று குவித்தது. ஒரு தடவை கோவிலுக்குப் போகும்போது அந்தப் பக்கமும் போய்விட்டு வாருங்கள், மனைவியையும் அழைத்துக்கொண்டு.

எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஓபர்லாண்ட் ஃப்ரைகோரின் தலைவர்களில் ஒருவரான பெப்போ ரோமர் பிறகு கம்யூனிஸ்ட் ஆனார், ஹிட்லரை எதிர்த்து இயங்கினார், 1944இல் மரண தண்டனைக்கு உள்ளானார். உங்கள் கழுகை அணிந்தவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லக்கூடிய தாள் உங்களிடம் இல்லை. அதனால்தான் தாள் தாள் என்று அடித்துக்கொள்கிறேன்.

என்னைக் கேட்டால், வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூடத்தில் மாட்டாதீர்கள். பெட்டியில் பதக்கத்தோடு ஒரு அட்டை வையுங்கள். யார் கொடுத்தது, எப்போது, எதற்கு, அந்தப் படைகள் என்னென்ன செய்தன என்று உங்கள் பிள்ளைகள் படிக்கும் மொழியில் எழுதுங்கள். அட்டையை உங்கள் மனைவியிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்வி சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வஸ்திகா உள்ள சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதும் பரப்புவதும் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவில் குற்றம்; ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கழுகில் அது இல்லை, கவலை வேண்டாம். ஆனால் சந்தையில் வேறு ஏதாவது வாங்கி, படம் எடுத்துக் குடும்பக் குழுவிலும் முகநூலிலும் போடும் முன் இந்தப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

துலக்கலாமா என்று கேட்டீர்கள். கூடவே கூடாது. ஊரில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நமக்கு. இங்கே அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். புளி, எலுமிச்சை, பாலிஷ் எது பட்டாலும் அந்தக் கறுப்புப் பூச்சு போய்விடும், அதோடு நான் மேலே சொன்ன தேய்மானச் சாட்சியமும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும். பிவிசி உறையில் போடாதீர்கள், நாளடைவில் அது கசிந்து உலோகத்தில் பச்சைப் பிசுக்கு பிடிக்கும். தேக்கு, ஓக் அலமாரி இழுப்பறையும் வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். அமிலமற்ற அட்டைப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்று, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனால், கப்பல் வேண்டாம், சிலுவைக்கு மட்டும் தனி விலை சொல்லுங்கள் என்று கேளுங்கள். இரண்டையும் சேர்த்தால்தான் தருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். சிலுவையைத் தனியாகத் தருவதாகச் சொன்னால், அதன் எடை, குறுக்களவு, பின்பக்கக் கீல், ஏதாவது தாள் இருந்தால் அதன் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.